நேரடிப் பாத்திரம் இல்லாத படங்களை ஆய்வில் சேர்ப்பது குறித்து

வணக்கம். தன்பாலீர்ப்புப் பாத்திரங்கள் வெளிப்படையாக இல்லாத பழைய இந்திப் படங்களை நீக்கச் சொல்கிறார் நெறியாளர் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நீக்காதீர்கள். பாலினம், பாலீர்ப்பு பற்றிய வழக்கமான எண்ணங்களைக் கேள்வி கேட்கும் குயர் கோட்பாடு, பாத்திரங்களை எண்ணும் வேலை அல்ல. ஒரு பாடலிலோ நட்புக் காட்சியிலோ பார்வையாளர்கள் தங்களை எப்படிக் கண்டுகொண்டார்கள் என்பதும் அதன் கேள்விதான். குயர் ஆய்வாளர் காயத்ரி கோபிநாத் 2005இல் வெளியிட்ட நூல் தெற்காசியப் படங்களை இப்படித்தான் வாசிக்கிறது. நெறியாளரிடம் அதையே காட்டுங்கள்.

இரு பெண்களின் காதலைச் சொல்லும் தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ பற்றிய இயலைப் படத்தின் கதையோடு முடித்துவிடாதீர்கள். 1998 டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் அதைத் திரையிட்ட திரையரங்குகள் தாக்கப்பட்டன. அந்தத் தாக்குதலை எதிர்த்து டெல்லியில் பெண்கள் பதாகைகளோடு தெருவில் நின்றார்கள். எனக்கு அந்தத் தெருதான் படத்தைவிட முக்கியமான சான்று! அந்த மாதச் செய்தித்தாள்களை நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். வாசகர் கடிதங்களையும் விடாமல் படியுங்கள்.