மெஷின் இல்லாமல் கையாலேயே எம்பிராய்டரி பேட்ச் தைக்க முடியுமா?

தாராளமாக முடியும். இப்போதுதான் ஊசி பிடிக்கப் பழகுகிறேன், மகளின் டெனிம் ஜாக்கெட்டில் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மனதில் வைத்தே சொல்கிறேன்.

பேட்ச் என்றதும் நடுவில் வரும் படத்தைப் பற்றித்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஓரம்தான் முக்கியம். படம் சுமாராக இருந்தாலும் ஓரம் நெருக்கமாக இருந்துவிட்டால் பேட்ச் பல வருடம் உழைக்கும். ஓரம் லூசாக இருந்தால் நாலு துவைப்பில் துணி நூல்நூலாகப் பிரிந்து வந்துவிடும். அதனால் முதல் பேட்ச்சுக்கு 6 செ.மீ. அகல வட்டம் போதும். நட்சத்திரம், இதயம் மாதிரி மூலை உள்ளதெல்லாம் கை பழகிய பிறகு.

துணி கெட்டியான காடா அல்லது ட்வில் (சாய்வுக் கோடு தெரியும் நெசவுத் துணி). டீ-ஷர்ட் துணி இழுபடும், வேண்டாம். துணியைப் பிடிக்கும் எம்பிராய்டரி ஃபிரேமில் சுருக்கமே இல்லாமல் விறைப்பாக மாட்டுங்கள். நூலுக்கு ஆங்கர் கம்பெனியின் லச்சி, அதாவது எம்பிராய்டரி நூல் கட்டு, நல்லது, சாயம் போகாது. ஒரு லச்சியில் 8 மீட்டர், ஆறு இழை சேர்ந்திருக்கும். ஒரு முழம் வெட்டி, இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, அப்புறம் மூன்றைச் சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகப் பிரித்தால் சிக்கு விழும். ஒரு முழத்துக்கு மேல் நீளம் எடுத்தாலும் தொல்லைதான், துணிக்குள் போய்ப் போய் வந்து நூல் மொசுமொசுவென்று ஆகிவிடும்.

படத்துக்கு ஒரு மாங்காயும் இலையும் வரையலாம். வெளிர் நிறத் துணி என்றால் பென்சிலே போதும். தண்ணீரில் அழியும் பேனாவால் வரைந்தால், இஸ்திரி போடும் முன் கோட்டைக் கண்டிப்பாகக் கழுவிவிடுங்கள், சூடு பட்டால் சில மை நிலைத்துவிடும். மாங்காயை வெளிக்கோட்டிலிருந்து உள்நோக்கி வரிசை வரிசையாகச் சங்கிலித் தையலில் (கண்ணிக்குள் கண்ணியாகச் சங்கிலி போல வரும் தையல்) நிரப்புங்கள். பழகாத கைக்கு எளிது, சீக்கிரமும் நிரம்பும். இலைக்கு மட்டும் சாட்டின் தையல், அதாவது இடைவெளி இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் போடும் நேர்த் தையல். அதில் ஒவ்வொரு தையலும் 1 செ.மீ.க்குள் இருக்கட்டும். நீளமாகப் போனால் பை ஜிப்பிலும் வளையலிலும் மாட்டி இழுபடும்.

இனி ஓரம். படம் முடிந்ததும் துணியைக் கழுவிக் காயவைத்து, பின்பக்கம் இஸ்திரி போட்டால் ஒட்டும் கேன்வாஸை ஒட்டுங்கள். தையல் சாமான் விற்கும் கடையில் காலர் கேன்வாஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். பிறகு வட்டத்தை வெட்டி, அதே அளவில் ஒரு ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த கெட்டித் துணி) துண்டையும் வெட்டிப் பின்னால் வையுங்கள். பின்பக்க முடிச்செல்லாம் மறைந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சுற்றிலும் காஜா தையல், அதாவது பட்டன் ஓட்டையின் ஓரத்தில் போடும் தையல். ஊசி விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே இறங்க வேண்டும், நூலின் கண்ணி சரியாக விளிம்பின் மேல் உட்கார வேண்டும். தையல்களுக்கு நடுவே துணி கண்ணில் படவே கூடாது. ஒவ்வொரு தையலையும் இழுத்ததும் கட்டை விரல் நகத்தால் முந்தைய தையலோடு ஒட்டித் தள்ளிவிடுங்கள். மெதுவாகத்தான் போகும், ஒரு மாலைப் பொழுது இதற்கே போய்விடலாம். அந்த நேரத்தைக் கொடுங்கள், இங்கே அவசரப்படாதீர்கள். நூல் தீர்ந்தால் முடிச்சுப் போடாமல் இரண்டு துணிக்கும் நடுவில் ஓட்டி மறைத்துவிட்டு, புது நூலைக் கடைசிக் கண்ணிக்குள்ளிருந்தே எடுங்கள். இணைப்பு தெரியாது.

ஜாக்கெட்டில் ஒட்டுவதைவிடத் தைப்பதே நல்லது. ஓரத்து நூலின் நிறத்திலேயே இரண்டு இழை எடுத்து, காஜா தையலின் உள்விளிம்பை ஒட்டிச் சின்னச் சின்னதாகக் குத்துங்கள். டெனிம் கெட்டியாக இருக்கும், கூர்மையான ஊசியாக எடுத்துக்கொள்ளுங்கள். துவைக்கும்போது ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் போடுங்கள், பேட்ச் மேல் பிரஷ் போட வேண்டாம்.