தலையணையில் அந்த வாடை

கேள்வி (வெள்ளவத்தை வாசகி, வயது 38): காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரித்ததால், பத்து வாரங்களுக்கு முன் வலது காதில் சத்திரசிகிச்சை செய்து டைட்டேனியம் எலும்பு வைத்தார்கள். இன்னும் முழுதாகக் கேட்கவில்லை. கொட்டாவி விட்டால் 'டொக்' என்கிறது. நாக்கில் ஒரு பக்கம் தகரச் சுவை. இனி எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? இரண்டு வாரமாகத் தலையணையில் ஈரமும் ஒரு வாடையும் இருப்பதால் வீட்டில் இருந்த பழைய சொட்டு மருந்தை விடுகிறேன். வைத்த எலும்பு கழன்று காது செவிடாகிவிடும் என்று இணையத்தில் வாசித்துப் பயந்துபோனேன்.

பதில்: சொட்டு மருந்தை இன்றே நிறுத்துங்கள். இந்தக் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வாடை ஒன்றுதான்.

பெரும்பாலும் அது கிருமித் தொற்றாக இருக்கும். ஆனால் மிச்சமிருந்த தோல் திரும்ப வளர்வதாலும், டைட்டேனியம் செவிப்பறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதாலும் இப்படி நாறும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தவரிடம் இந்த வாரமே காட்டுங்கள், அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்க வேண்டாம். தலை சுற்றினால், முகம் ஒரு பக்கம் இழுத்தால், இப்போது கேட்பதும் திடீரென்று குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழைய சொட்டு மருந்து என்றால் எது? ஜென்டாமைசின், நியோமைசின் கலந்தவை பல பாமசிகளில் கிடைக்கின்றன. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அவை உட்காதுக்குப் போய் ஒலியை உணரும் கலங்களைக் கெடுக்கலாம். எலும்பு பழுதானால் இன்னொன்று வைக்கலாம். அந்தக் கலங்கள் அழிந்தால் திரும்ப வளராது. தேங்காயெண்ணெய், உள்ளிச்சாறு எதுவும் வேண்டாம். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வையுங்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். காதுக்குள் வைத்த ஜெலட்டின் பஞ்சு கரைந்து வீக்கம் வடிய வாரக்கணக்காகும். அதனால்தான் கேட்டல் பரிசோதனையை ஏறக்குறைய மூன்றாம் மாதத்தில் செய்கிறோம். பத்து வாரத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள். அப்புறம், முழுதாகக் கேட்கும் என்று எந்த நல்ல சர்ஜனும் வாக்குக் கொடுக்க மாட்டார். காற்றுவழிக் கேட்டலுக்கும் (காதுத் துளை வழியாகக் கேட்பது) எலும்புவழிக் கேட்டலுக்கும் (மண்டையெலும்பின் அதிர்வால் கேட்பது) உள்ள இடைவெளி 20 டெசிபலுக்குள் (டெசிபல் ஒலியின் அளவு) வந்தாலே நாங்கள் அதை வெற்றி என்கிறோம். வீட்டில் பக்கத்தில் இருந்து பேசுவது புரியும். சந்தைச் சத்தத்தில் சிரமப்படலாம்.

'டொக்' சத்தம் காற்று போய்வருவது, விட்டுவிடுங்கள். சுவை நரம்பு செவிப்பறைக்குப் பின்னால்தான் ஓடுகிறது. தகரச் சுவை பெரும்பாலும் சில மாதங்களில் குறையும். எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்டீர்கள்: டைட்டேனியத்தைக் காந்தம் இழுக்காது, ஸ்கான் எடுப்பவரிடம் முதலிலேயே சொன்னால் போதும்.

போகும்போது பழைய கேட்டல் வரைபடத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கவடி எலும்பு (காதின் மூன்று சிற்றெலும்புகளில் கடைசியாக உள்ளே இருப்பது) மிஞ்சியிருந்ததா என்று சர்ஜனிடம் கேளுங்கள். மூன்று மில்லிமீற்றர் அளவே உள்ள அந்த எலும்பு நின்றிருந்தால், அதன் மேல் வைத்த துண்டு பொதுவாக நன்றாகவே வேலை செய்யும். அதுவும் அரித்துப் போயிருந்தால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் கேட்கும் கருவி இருக்கிறது, ஆனால் அதைப் போட முதலில் காது காய வேண்டும்.