ரத்தினக்கல் கடையில் சுங்கச் சோதனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கடையில் சோதனையிட்ட சுங்க அதிகாரிகள், நீலக் கற்கள் இலங்கையிலிருந்து கடத்தி வரப்பட்டவை என்று சந்தேகித்து எடுத்துச் சென்றுவிட்டார்கள். கடத்தல் பொருள் அல்ல என்பதை நாங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டுமா? (திருச்சி)

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கற்களைக் கைப்பற்றியதாலேயே அவை அரசுக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. பறிமுதல் ஆணை பிறக்கும்வரை உங்கள் உரிமை உயிருடன்தான் இருக்கிறது.

1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், 123-ஆம் பிரிவின்படி, கடத்தல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை உடைமையாளர்மீது சுமத்துகிறது. ஆனால் அந்தப் பிரிவிலேயே பெயர் சொல்லப்பட்டிருப்பவை தங்கமும் தங்கத்தால் ஆன பொருள்களும் கடிகாரங்களுமே. மற்ற பொருள்களுக்கு அது பொருந்த வேண்டுமானால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். ஆகவே எந்த அறிவிக்கையின் கீழ் உங்கள் கற்கள் வருகின்றன என்று துறையிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அப்படி ஓர் அறிவிக்கை இல்லையென்றால் மெய்ப்பிக்கும் பொறுப்பு துறையுடையதே.

இதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். சென்னை சுங்க ஆட்சியர் தொடர்ந்த பூர்மல் வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் கூறியது இன்றும் எல்லா விசாரணைகளிலும் எடுத்துக்காட்டப்படுகிறது. துறை தன் வழக்கைக் கணக்குப் போட்டதுபோல் துல்லியமாக நிரூபிக்கத் தேவையில்லை. பொருள் எங்கிருந்து வந்தது என்பது உடைமையாளருக்கு மட்டுமே தெரிந்த செய்தியாக இருக்கும்போது, அவர் வாய் திறக்காமல் இருந்தால் அந்த மௌனத்தை அவருக்கு எதிராகக் கொள்ளலாம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். எனவே யாரிடம், எந்த நாளில், எந்தப் பில்லில் வாங்கினீர்கள் என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: நாங்கள் வாங்கி விற்பவை காங்கேயம், கரூர் பக்கத்துக் கற்கள். தோண்டி எடுப்பவர்கள் பில் தருவதில்லை. உள்ளூர்க் கல் என்று எப்படிக் காட்டுவது? (காங்கேயம்)

பதில்: அந்த வட்டாரத்தில் சந்திரகாந்தக் கல்லும் அக்வாமரைனும் ஐயோலைட்டும் கிடைப்பது அனைவரும் அறிந்ததே, ஆகவே உங்கள் விளக்கம் நம்பத்தகாததன்று. ஆனால் நம்பத்தகுந்த விளக்கம் ஆவணத்துக்கு ஈடாகாது. விற்பவர் பில் தராவிட்டால், வாங்கும் நீங்களே கொள்முதல் சீட்டு எழுதி, அவருடைய பெயர், ஊர், அடையாள அட்டை எண், கல்லின் வகை, எண்ணிக்கை, காரட் எடை ஆகியவற்றைக் குறித்துக் கையொப்பம் வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். "கலர் ஸ்டோன், 1 பொட்டலம்" என்று எழுதிய பில் எந்தக் கல்லுக்கும் பொருந்தும் என்பதால் எந்தக் கல்லையும் காப்பாற்றாது.

ஆய்வகச் சான்றிதழை அளவுக்கு மீறி நம்புகிறவர்கள் பலர். நீலத்திலும் மாணிக்கத்திலும் உள்ளே தெரியும் ஊசிகளையும் நுண்தனிமங்களின் அளவையும் வைத்து எந்த நாட்டுக் கல் என்று ஆய்வகங்கள் கூறுவதுண்டு. ஆயினும் அது கருத்து மட்டுமே, பல கற்களில் உறுதியாகச் சொல்லவும் இயலாது. தோண்டி எடுக்கக் கனிமச் சட்டப்படி அனுமதி இருந்ததா என்பது வேறு துறையின் கேள்வி. அதற்கான பதிலையும் தயாராக வைத்திருங்கள்.

கேள்வி: மகஜர் (கைப்பற்றியவற்றைச் சாட்சிகள் முன் பதியும் ஆவணம்) எழுதும்போது நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? (சென்னை)

பதில்: என் பார்வையில் ஒரு வழக்கின் பாதி முடிவு அந்த மேசையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியாகத் திறந்து, கற்களை எண்ணி, தராசு பூஜ்யம் காட்டுவதைப் பார்த்த பிறகே எடை போடச் சொல்லிப் பணிவோடு கேளுங்கள். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம்தான். பத்துப் பொட்டலங்களையும் ஒன்றாகக் கொட்டி மொத்த எடையை மட்டும் எழுதிவிட்டால், பின்னாளில் எந்தக் கல் எந்தப் பில்லுக்குரியது என்று பிரித்துக் காட்டவே முடியாது. பொட்டலத்தின் மேல் நீங்கள் எழுதியிருந்த லாட் எண், கல்லின் நிறம், பட்டை தீட்டியதா இல்லையா என்பவை மகஜரில் ஏற வேண்டும். உங்கள் கண் முன்னே முத்திரை வைக்கப்பட்டு, சாட்சிகளும் நீங்களும் கையொப்பமிட்ட பிறகு மகஜர் நகலைக் கேட்டு வாங்குங்கள். கணக்குப் புத்தகங்களையும் எடுத்துச் சென்றால், அதிகாரி முன்னிலையில் அவற்றிலிருந்து நகல் எடுக்கும் உரிமை 110-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

கேள்வி: கைப்பற்றிய கற்களில் ஒரு பகுதி, ஜெய்ப்பூர் வியாபாரி ஜாங்கட்டில் (விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பித் தருவது என்ற முறையில்) அனுப்பியவை. அவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கல் உங்கள் கையில் இருந்தாலும் உடைமை அவருடையது. ஆகவே ஜாங்கட் சீட்டையும் தம் கொள்முதல் பில்லையும், வெளிநாட்டுக் கல்லாயின் இறக்குமதி நுழைவுப் பட்டியலையும் இணைத்து, அவரே தம் பெயரில் உடனே உரிமை கோரிக் கடிதம் கொடுக்க வேண்டும். மாதங்கள் கழித்து வரும் உரிமைக் கோரிக்கையைப் பின்னால் தயாரித்த கதை என்றே துறை சொல்லும்.

கேள்வி: அழைப்பாணை அனுப்பி என் தம்பியிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அவன் பயந்துபோய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான்.

பதில்: 108-ஆம் பிரிவின் கீழ் வாக்குமூலம் பெறும் சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்லர் என்பது உச்ச நீதிமன்றம் நெடுங்காலமாகக் கொண்டுள்ள நிலை, அதனால் அந்த வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படும். விசாரணையின்போது வழக்கறிஞர் உடனிருப்பது உரிமையன்று என 1992-இல் பூல்பாண்டி வழக்கில் தீர்ப்பானது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், பேச்சுக் காதில் விழாதபடி வழக்கறிஞர் இருக்கப் பின்னர் நீதிமன்றங்கள் அனுமதித்ததுண்டு. மிரட்டப்பட்டது உண்மையானால், உங்கள் தம்பி இன்றே, என்ன நடந்தது என்பதை நேரத்தோடும் இடத்தோடும் எழுதி, வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவதாகப் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். விசாரணையில் குறுக்கு விசாரணை கோரவும் மறக்க வேண்டாம்.

கேள்வி: கற்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? வியாபாரமே நின்றுவிட்டது. (மதுரை)

பதில்: கைப்பற்றிய 6 மாதங்களுக்குள் காரணம் கேட்கும் அறிவிப்பு வர வேண்டும். ஆணையர் எழுத்தில் காரணம் பதிந்து, அந்தக் காலம் முடிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிவித்து, மேலும் 6 மாதங்கள் வரை நீட்டிக்கலாம். அதற்குள்ளும் அறிவிப்பு வராவிட்டால், யாரிடமிருந்து எடுத்தார்களோ அவரிடமே கற்களைத் திருப்பித் தர வேண்டும். வழக்கு அதோடு செத்துவிடுவதில்லை. அவ்வளவு காலம் பொறுக்க முடியாதவர்கள் 110ஏ பிரிவின் கீழ்ப் பிணைப்பத்திரமும் ஈடும் கொடுத்துத் தற்காலிக விடுவிப்புக் கேட்கலாம். ஆனால் 2018-இல் வந்த திருத்தத்தின்படி, தற்காலிக விடுவிப்பு ஆணை பிறந்தபின் 6 மாதக் கெடு உங்களுக்குத் துணை நிற்காது. கெடு முடிய இன்னும் சில வாரங்களே இருக்கின்றன என்றால், விண்ணப்பிக்குமுன் வழக்கறிஞரோடு உட்கார்ந்து யோசியுங்கள்.

கேள்வி: பறிமுதல் ஆணையே வந்துவிட்டால் அபராதம் கட்டிக் கற்களை மீட்க முடியுமா?

பதில்: தடைசெய்யப்படாத பொருளானால் மீட்பு அபராதம் செலுத்தும் வாய்ப்பை அதிகாரி தந்தே ஆக வேண்டும், அந்தத் தொகை, சந்தை மதிப்பிலிருந்து தீர்வையைக் கழித்தால் வருவதைத் தாண்டக் கூடாது. தடைசெய்யப்பட்டதானால் அது அவர் விருப்பம். கிம்பர்லி சான்றிதழ் (போர்களுக்குப் பணம் தரும் வைரம் அல்ல என்பதற்கான சான்று) இல்லாமல் வந்த பட்டை தீட்டாத வைரத்துக்கு இந்த வாய்ப்பை எதிர்பார்க்க வேண்டாம். ஆணையருக்குக் கீழ்நிலை அதிகாரியின் ஆணையானால், அது கையில் கிடைத்த 60 நாள்களுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். தண்டத் தொகை விதிக்கப்பட்டிருந்தால் அதில் 7.5 சதவீதத்தை முன்னதாகச் செலுத்த வேண்டியிருக்கும்.