பட்டறை கேள்வி பதில்: சிலிண்டருக்குள் உடைந்து நின்ற ஸ்டட்

கேள்வி: அப்பா ஓட்டிய 1984 மாடல் விஜய் சூப்பர் பத்து வருடமாகப் போர்டிகோவில் சும்மா நிற்கிறது. அதை மறுபடி ஓட வைக்கலாம் என்று இறங்கினேன். சைலன்சரைக் கழற்றும்போது, சிலிண்டரில் இருந்த இரண்டு ஸ்டட்டில் (நட்டு மாட்டும், தலையில்லாத மரைக் கம்பி) ஒன்று நட்டோடு சேர்ந்து முறிந்து வந்துவிட்டது. மீதித் துண்டு சிலிண்டர் முகத்தோடு சமமாக நிற்கிறது. வைஸ் கிரிப்பில் பிடிக்க ஒரு நூல்கூட வெளியே இல்லை. ஒரு மெக்கானிக் சிலிண்டரையே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் “ஈஸி அவுட் (உடைந்த துண்டில் துளை போட்டு, சொருகித் திருப்பி எடுக்கும் சாமான்) வாங்கிப் போட்டால் அஞ்சு நிமிஷ வேலை” என்கிறார். என்னிடம் ஹேண்ட் டிரில் இருக்கிறது. நானே எடுக்க முடியுமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பாதி வேலையை நீங்களே செய்யலாம் அம்மணி. மீதிப் பாதிக்கு நல்ல வெல்டர் ஒருவரும் ஒரு லேத்துப் பட்டறையும் வேண்டும். சிலிண்டரை மாற்ற வேண்டியதில்லை. அந்த அஞ்சு நிமிஷக்காரரை மட்டும் வண்டிப் பக்கம் விடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஸ்டட் ஏன் முறிந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். விஜய் சூப்பர் லாம்பிரெட்டாவின் வாரிசு. இத்தாலியில் இன்னோசென்டி கம்பெனி லாம்பிரெட்டாவை நிறுத்தியபோது அந்த மெஷின்களை வாங்கி வந்து லக்னோவில் நம் ஸ்கூட்டர்ஸ் இந்தியா போட்ட வண்டி அது. வெஸ்பா குடும்பத்தில் இஞ்சின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக இருக்கும். லாம்பிரெட்டாவில் நடுவில் இருக்கும், சிலிண்டர் முன்சக்கரத்தைப் பார்த்துப் படுத்திருக்கும், புகை போகும் வாய் தரையைப் பார்த்து இருக்கும். மழையில் முன்சக்கரம் வாரி அடிக்கிற சேறு போய் ஒட்டுகிற இடமே அந்த இரண்டு ஸ்டட்டும்தான். சூடாகும், நனையும், ஆறும், மறுபடி சூடாகும். இப்படியே முப்பது வருடம் ஓடிய பிறகு மரைக்கு நடுவில் துரு சிமென்ட் மாதிரி இறுகிவிடும். நீங்கள் ஸ்பேனரைத் திருப்பியபோது ஸ்டட் திரும்பவில்லை, முறுக்கிக்கொண்டது, அவ்வளவுதான். உங்கள் கை பலத்தில் குற்றம் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம். சைலன்சர் பெட்டியை இஞ்சின் கேசிங்கோடு பிடிக்கிற பிராக்கெட் போல்ட்டுகளை ஆட்டிப் பாருங்கள். அவை லூசாக இருந்தால் பெட்டியின் எடை முழுவதும் அந்த இரண்டு ஸ்டட்டில்தான் தொங்கியிருக்கும். ஏற்கெனவே பாதி விரிசல் விட்டிருந்ததா என்பதை முறிந்த முகமே சொல்லும். ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் பளபளவென்றும் இருந்தால், கறுத்த பகுதி எப்போதோ விட்ட விரிசல்.

இனி வேலைக்கு வருவோம். உடைந்த இடத்தில் துரு கரைக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். டபிள்யூடி-40 போதும், கிடைக்காவிட்டால் டீசல். காலையில் ஒரு தடவை, இரவு ஒரு தடவை என்று மூன்று நாள் அடியுங்கள். ஒவ்வொரு தடவையும் தட்டை முனையுள்ள இரும்புக் குச்சியை (பஞ்ச்) ஸ்டட்டின் நடுவில் வைத்து, சின்னச் சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு. ஓங்கி அடிக்க வேண்டாம், வார்ப்பிரும்பு. கதவைத் தட்டுகிற மாதிரி தட்டினால் போதும். அந்த அதிர்வில்தான் துருவில் கீறல் விழும், எண்ணெய் உள்ளே இறங்கும்.

நான்காம் நாள் சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள். வண்டியிலேயே வைத்து எடுத்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கீழே படுத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, ஹேண்ட் டிரில்லை மேல்நோக்கிப் பிடித்து ஒரு 8 எம்எம் ஸ்டட்டின் நடு மையத்தில் துளை போட யாராலும் முடியாது. என்னாலும் முடியாது. அது போக, தலைக்கு மேல் பெட்ரோல் டேங்க் இருக்கும்போது வெல்டிங் பொறி பறக்கவே கூடாது. ஹெட்டின் நான்கு நட்டையும் மூலைவிட்டமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றினால் சிலிண்டர் முன்பக்கமாக உருவிக்கொண்டு வரும். பிஸ்டன் இடறாமல் இருக்க, கிராங்க் வாயில் சுத்தமான துணியை அடைத்து வையுங்கள். ரிங் எந்தப் பள்ளத்தில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் மேசைக்கு வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இங்கே என் வாத்தியார் சொல்லிக்கொடுத்த ஒரு வித்தை. நான் பதினாறு வயதில் உக்கடம் பக்கம் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவன். அவர் சட்டைப்பையில் பீடிக்கட்டோடு எப்போதும் ஒரு துண்டு மெழுகுவத்தியும் இருக்கும். கரண்ட் போனால் ஏற்றுவதற்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஸ்டட்டைச் சுற்றியுள்ள இரும்பை டார்ச்சால் மெதுவாகச் சூடு பண்ணுவார். பழுக்க வைக்க மாட்டார், பழுத்தால் பிஸ்டன் ஓடும் துளை (போர்) கோணிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார். அது தோசைக்கல்லில் துள்ளுகிற மாதிரி துள்ளினால் டார்ச்சை அணைத்துவிட்டு, மெழுகுவத்தி முனையை ஸ்டட்டும் சிலிண்டரும் சேரும் கோட்டில் வைப்பார். மெழுகு உருகி, வட்டமாக ஒரு ஈரக்கோடு ஓடி, அப்படியே மரைக்குள் உறிஞ்சிக்கொண்டு காணாமல் போகும். அதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தச் சூட்டில் எண்ணெய் புகைந்து போய்விடும். மெழுகு உள்ளே இறங்கும், ஆறினாலும் அங்கேயே வழுவழுப்பாக நிற்கும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்யுங்கள். முன்பு அடித்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, வெட்டவெளியில் வைத்துச் செய்ய வேண்டும்.

அடுத்து வெல்டரிடம் போங்கள். முறிந்த ஸ்டட்டின் மேல் ஒரு வாஷரை வைத்து, அதன் ஓட்டை வழியாக ஸ்டட்டின் நடுவில் வெல்டிங்கை ஊற்றி மேலே எழுப்பிக் கொண்டுவர வேண்டும். அந்த வாஷரின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டுக்கு உள்ளே நிரப்ப வேண்டும். மிக் வெல்டிங் என்றால் சுலபம். அலுமினிய ஹெட் என்றால் இரும்பு வெல்டிங் அதில் ஒட்டாது, பயமில்லை. உங்களுடையது வார்ப்பிரும்பு. வெல்டிங் ஒரு பக்கம் வழிந்து சிலிண்டரைத் தொட்டால் அங்கே பிடித்துக்கொள்ளும், பிறகு ஸ்டட் ஜென்மத்துக்கும் திரும்பாது. அந்த வழிசலைத் தடுக்கத்தான் வாஷர். வெல்டர் “வாஷர் எதுக்குங்க?” என்று கேட்டால், அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

நட்டின் சிவப்பு அடங்கியதும் இன்னொரு தடவை மெழுகு. அப்புறம் ஸ்பேனர். உடனே கழற்றும் திசையில் இழுக்காதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம் ஒரு மயிரிழை. முதல் அசைவில் “டிக்” என்று ஒரு சத்தம் வரும். துரு விட்டுக்கொடுத்த சத்தம் அது. அதன் பிறகும் முன்னே கால் சுற்று, பின்னே அரைக்கால் சுற்று என்று ஆட்டி ஆட்டித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். வெல்டிங் பிய்த்துக்கொண்டு வந்தால் மறுபடி வையுங்கள். நான்காவது நட்டுக்கு மசிந்த ஸ்டட்டெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வெல்டிங்கும் உள்ளே ஒரு சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் அந்த உழைப்பு வீண் போகாது.

இதற்கும் மசியாவிட்டால்தான் டிரில். எல்லா விபத்தும் நடப்பது இந்தக் கட்டத்தில்தான், டிரில் மையம் விலகுவதால். முறிந்த முகம் மேடு பள்ளமாக இருக்கும், பிட் சறுக்கிப் பக்கத்து இரும்புக்குள் இறங்கிவிடும். முதலில் அரத்தால் முகத்தைச் சமமாக்குங்கள். புது எக்ஸாஸ்ட் பேக்கிங் ஒன்று வாங்கி, அதை அச்சாக வைத்து 6 எம்எம் இரும்புப் பட்டையில் வரைந்து கொடுத்தால் லேத்துக்காரர் ஒரு தகடு செய்து தருவார். நல்ல ஸ்டட்டில் மாட்ட ஒரு 8 எம்எம் துளை, நடுவில் புகை போகும் வாய் (போர்ட்) அளவுக்குப் பெரிய ஓட்டை, உடைந்த ஸ்டட் வரும் இடத்தில் 3 எம்எம் துளை. நல்ல ஸ்டட்டில் தகட்டை மாட்டி, நடு ஓட்டையும் போர்ட்டும் ஒன்றாகப் பார்க்கும்படி திருப்பி, நட்டைப் போட்டு இறுக்கிவிட்டால் பிட்டுக்கு அந்த மையத்தைத் தவிர வேறு வழியில்லை. ஒரு ஸ்டட்டாவது உங்களுக்குப் பிழைத்தது நல்லதாகப் போயிற்று. அதைக் கழற்றிப் பார்க்கலாமே என்று இப்போது கை வைக்காதீர்கள்.

டிரில்லை நேராக நிற்கும் பில்லர் டிரில்லிங் மெஷினில்தான் போட வேண்டும், உங்கள் ஹேண்ட் டிரில் வேண்டாம். புது ஸ்டட்டின் உள்ளே போகும் மரை எத்தனை எம்எம் என்று அளந்து, பிட்டில் அந்த ஆழத்துக்கு ஒரு ஒட்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் 3, அடுத்து 5, கடைசியில் 6.5. மையம் சரியாக இருந்தால் ஸ்டட் மெல்லிய குழாய் மாதிரி ஆகிவிடும். கூர்முனைக் கம்பியால் ஓரத்தை நெம்பினால் ஸ்பிரிங் போலச் சுருண்டு வரும். பிறகு 8 எம்எம், 1.25 பிட்ச் மரை வெட்டும் டேப்பை எண்ணெய் விட்டு உள்ளே ஓட்டிப் பழைய மரையைச் சுத்தம் செய்யுங்கள். மரை போய்விட்டாலும் அழ வேண்டாம். 8.3 எம்எம்முக்கு விரித்து ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட்டால் சரியாகிவிடும்.

இப்போது அந்த ஈஸி அவுட் கதை. 1994 வாக்கில் எனக்கே சொந்தப் பட்டறை வந்திருந்த நேரம். மறுநாள் கல்யாணத்துக்கு வண்டி வேண்டும் என்று ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இதே மாதிரி லாம்பிரெட்டா, இதே மாதிரி ஸ்டட். வாத்தியாரின் மெழுகெல்லாம் மறந்துபோய், 4 எம்எம் துளை போட்டு ஈஸி அவுட்டைச் சொருகித் திருப்பினேன். கண்ணாடிக் குச்சி மாதிரி உள்ளேயே முறிந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள்: 8 எம்எம் ஸ்டட்டே முறிந்த இடத்தில் 4 எம்எம் சாமான் எப்படித் தாங்கும்? அதுவும் அது கடினப்படுத்திய எஃகு. சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கி ஓடும், ஒரு கீறல்கூட விழாது. கடைசியில் சிட்கோவில் ஒரு டூல் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய், ஸ்பார்க் எரோஷன் மெஷினில் தீப்பொறியால் அரித்து எடுக்க வைத்தேன். கோயமுத்தூரில் அது கிடைத்தது, எல்லா ஊரிலும் கிடைக்காது. கல்யாணத்துக்கு அவர் டவுன் பஸ்ஸில் போனார். ஈஸி அவுட் கெட்ட சாமான் இல்லை. தலை மட்டும் வெட்டிக்கொண்டு, உள்ளே லூசாக இருக்கும் போல்ட்டை எடுக்க நல்லது. துருவில் இறுகியதற்கு ஆகாது.

மாட்டும்போது இரண்டு ஸ்டட்டும் புதுசாகவே இருக்கட்டும். உடைந்தது வந்த பிறகு பழையதையும் மெழுகு வைத்து, இரட்டை நட்டுப் போட்டுப் பக்குவமாகக் கழற்றிவிடுங்கள். மரைக்கு காப்பர் கிரீஸ் தடவுங்கள். நட்டு பித்தளையில் கிடைத்தால் அதையே போடுங்கள், இரும்பு ஸ்டட்டோடு பித்தளை துருப்பிடித்து ஒட்டாது. பிராக்கெட் போல்ட்டுகளையும் பிளாஞ்ச் நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் மாட்டி, சைலன்சர் தானாக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கத்தை இழுத்துப் பிடித்து மாட்டினால், அடுத்த ஸ்டட்டை இன்றைக்கே பாதி உடைத்த மாதிரி.

கேள்வி: என் பழைய ஆக்டிவாவில் சைலன்சர் சேரும் இடத்தில் “டப் டப்” என்று காற்று கசிகிறது. பேக்கிங் மாற்ற வேண்டும். நட்டுகள் இரண்டும் துருப்பிடித்து உருண்டையாகிவிட்டன. ஸ்டட் உடையாமல் கழற்ற வழி உண்டா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நட்டைக் காப்பாற்ற நினைக்காதீர்கள் தம்பி. ஸ்டட்டைக் காப்பாற்றுங்கள். எண்ணெய் ஊறிய பிறகு நட்டின் ஒரு பக்கத்தைச் சின்ன அரத்தாலோ கட்டிங் வீலாலோ மரையைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்பு வரை அறுத்து, உளியை வைத்து ஒரு தட்டு. நட்டு வாயைப் பிளந்துவிடும். கையாலேயே சுழற்றி எடுக்கலாம்.

உங்கள் வண்டியில் ஹெட் அலுமினியம். சூட்டில் அது இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால், ஸ்டட்டே வர வேண்டியிருந்தால் சூடு இன்னும் நன்றாக வேலை செய்யும். ஆனால் இரும்பு மாதிரி அலுமினியம் சிவந்து காட்டி எச்சரிக்காது. நிறம் மாறாமலேயே திடீரென்று இளகி ஒழுகிவிடும். அங்கேயும் தண்ணீர்ச் சொட்டுக் கணக்குதான். பெட்ரோல் நாற்றம் கொஞ்சம் இருந்தாலும் டார்ச்சை எடுக்காதீர்கள்.

கேள்வி: 1989 சேத்தக் வைத்திருக்கிறேன். எனக்கும் இந்த ஸ்டட் பிரச்சினை வருமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வராது. உங்கள் டூ ஸ்ட்ரோக் சேத்தக்கில் அந்த இடத்தில் ஸ்டட்டே கிடையாது. சிலிண்டரின் மூக்கில் சைலன்சர் குழாயைச் சொருகி, ஒரு கிளாம்ப் போட்டுப் பிடித்திருப்பார்கள். துருவேறி உடைந்தால் அந்த கிளாம்ப் போல்ட்டுதான் உடையும். உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கி மாட்டுங்கள்.