டிக்கெட் இல்லாத திருப்பலிக்கு 390 யூரோவா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். ஜனவரியில் தென்பிரான்ஸின் ரிஷெராஞ்ஷ் கிராமத்தில், மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் காளானுக்கு நடக்கும் திருவிழாவுக்கு நானும் மனைவியும் போக நினைக்கிறோம். ‘திருப்பலி டிக்கெட், சந்தை அனுமதி, போக்குவரத்து’ எல்லாம் சேர்த்து ஆளுக்கு 390 யூரோ கேட்கிறார் ஒரு முகவர். கொடுக்கலாமா? அங்கே வாங்கும் காளான் அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தத் திருப்பலிக்கு டிக்கெட்டே கிடையாது. சந்தை நடப்பது தெருவில். அதற்கு அனுமதி கேட்பவர் யாருமில்லை. முன்பதிவு வேண்டியது திருவிழா நாளின் மதிய விருந்துக்கு மட்டும்தான். அதை நீங்களே கேட்டு வாங்கிவிடலாம்.

திருப்பலி ஜனவரி மூன்றாவது ஞாயிறன்று. 1952 முதல் நடக்கிறது. காணிக்கைக் கூடையில் காசோடு ட்ரஃபிளும் விழும். பிறகு அதை எடைபோட்டு வெளியே ஏலம் விடுவார்கள். கோயில் சிறியது, பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை ஒருநாள் விடுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது: வெள்ளி காலை அதே வட்டாரத்து ஊரான கார்ப்பாந்த்ராஸில் ட்ரஃபிள் சந்தை, சனி காலை ரிஷெராஞ்ஷ் சந்தை, ஞாயிறு திருப்பலி. இரு சந்தைகளுமே நவம்பர் நடுவில் தொடங்கி மார்ச் நடுவரை வாராவாரம் கூடுபவை. கூட்டம் பிடிக்காவிட்டால் வேறொரு வாரம் போனாலும் காளான் அதே காளான்தான்.

பாரிஸிலேயே உள்ள லியோன் நிலையத்திலிருந்து (Gare de Lyon) அவிஞ்ஞோன் டிஜிவி நிலையத்துக்கு அதிவேக ரயிலில் சுமார் 2 மணி 40 நிமிடம். அங்கிருந்து கார்ப்பாந்த்ராஸுக்கு உள்ளூர் ரயில் உண்டு. ரிஷெராஞ்ஷுக்கு ரயிலே இல்லை. பிரான்ஸிலேயே பெரிய ட்ரஃபிள் சந்தை கூடும் ஊராக இருந்தும் இந்த நிலைதான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பிப் போனால் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். இந்த ஓட்டையில்தான் முகவர்கள் பிழைக்கிறார்கள். அவிஞ்ஞோனிலேயே வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேர ஓட்டம். பிணைத்தொகைக்கு ஓட்டுநர் பெயரில் கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டோடு போய்த் திரும்பி வந்தவர்கள் ஏராளம். தங்கப் பக்கத்து ஊர்களான வால்ரேயாஸோ கிரிஞ்ஞானோ பாருங்கள். ஜனவரியில் சிறிய விடுதிகளில் பல, வருடாந்தர விடுமுறைக்கு மூடிவிடும். இணையத்தில் அறை காட்டினாலும் போனில் ஒருமுறை உறுதி செய்யுங்கள்.

சனிக்கிழமை ரிஷெராஞ்ஷில் இரண்டு சந்தை நடக்கும். கார் டிக்கியைத் திறந்துவைத்துக் கிலோக்கணக்கில் வாங்கும் மொத்த வியாபாரிகள் ஒரு தெருவில். அது வேடிக்கை பார்க்க மட்டும். சில்லறைக் கடைகள் இன்னொரு தெருவில். நீங்கள் வாங்க வேண்டியது அங்கே. நண்பகலோடு எல்லாம் கலைந்துவிடும். மிஸ்த்ரால் என்ற வடக்குக் குளிர்காற்று எலும்பைத் துளைக்கும், காதை மூடிக்கொள்ளுங்கள். கையில் ரொக்கமும் இருக்கட்டும்.

அசல் கறுப்பு ட்ரஃபிளின் லத்தீன் பெயர் டூபர் மெலனோஸ்போரம். வெளித்தோலில் கறுப்புச் சொரசொரப்பு. உள்ளே கறுப்பில் நூல் போன்ற வெள்ளை நரம்புகள். ஓரத்தில் சிறு கீற்று வெட்டி உள்நிறம் காட்டித்தான் நல்ல வியாபாரி விற்பார். வெட்டாத காளானை வாங்கவே வாங்காதீர்கள். அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். பஞ்சு போல அமுங்கினால் பனியில் உறைந்ததோ பழசோதான். மண் அப்பிய காளானும் வேண்டாம்: மண்ணுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள், புழுத்துளையை மண்ணால் அடைத்திருந்தாலும் தெரியாது. சீனத்திலிருந்து வரும் டூபர் இண்டிகம் பார்க்க இதே மாதிரி இருக்கும், வாசனைதான் இருக்காது. ஆகவே மூக்கை நம்புங்கள்.

ஒன்றை மட்டும் மோசடி என்று சொல்லிவிடாதீர்கள். டூபர் புரூமாலே என்று ஓர் இனம் அதே மண்ணில், அதே ஓக் மரத்தடியில், அதே குளிர்காலத்தில் விளைகிறது. அதன் நரம்புகள் தடிமன், எண்ணிக்கையில் குறைவு. தோல் எளிதில் உரியும். வாசனையில் கஸ்தூரி நெடி தூக்கலாக இருக்கும். புரூமாலே என்று எழுதிவைத்துக் குறைந்த விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம், சிலருக்கு அந்த நெடி பிடிக்கவும் செய்யும். அதையே மெலனோஸ்போரம் விலைக்கு விற்றால்தான் திருட்டு. விலைப்பலகையில் லத்தீன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘கறுப்பு ட்ரஃபிள்’ என்று மட்டும் இருந்தால் எந்த இனம் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ட்ரஃபிள் எண்ணெய் பாட்டிலைத் தொடவே வேண்டாம். பெரும்பாலானவற்றில் மணப்பது ஆய்வுக்கூட ரசாயனம்தான், காளான் அல்ல.

ஆளுக்கு 10 கிராம் கணக்கு. இருவருக்கு 25 கிராம் அளவில் ஒரு சிறு காளான் தாராளம். கிறிஸ்துமஸுக்கு ஏறிய விலை ஜனவரியில் இறங்கும், காளானும் நன்கு முற்றியிருக்கும். காகித நாப்கினில் சுற்றிக் கண்ணாடிச் சீசாவில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். காகிதத்தைத் தினமும் மாற்றினால் ஒரு வாரம் தாங்கும். அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்: ஈரத்தை அரிசி உறிஞ்சிவிடும், காளான் வற்றிப்போகும். அதற்குப் பதில் அதே சீசாவில் நான்கு முட்டையை உடைக்காமல் வையுங்கள். ஓட்டின் நுண்துளை வழியே இரண்டு நாளில் மணம் உள்ளே இறங்கிவிடும். அந்த முட்டையை வெண்ணெயில் சிறுதீயில் கிளறி, இறக்கும்போது காளானைச் சீவிப் போடுங்கள். உப்பு போதும், மிளகும் வெங்காயமும் அந்தப் பக்கமே வரக்கூடாது.