அம்மாவின் வாட்ச் நம்மூர் நேரத்திலேயே இருக்கட்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. 30/70 கலவை இன்சுலின் காலை 20 யூனிட், இரவு 12 யூனிட் போடுகிறார். அக்காவின் பிரசவத்துக்காக மே மாதம் சென்னையிலிருந்து துபாய் வழியாக சான்பிரான்சிஸ்கோவுக்குத் தனியாகப் போகிறார். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, அந்த ஊர் நேரப்படி அதே நாள் மதியம் இறங்குவார். ஊசியை எப்போது போடுவது?
- வாசகி, தாம்பரம்

பதில்: மே மாதத்தில் சான்பிரான்சிஸ்கோ நமக்கு 12 மணி 30 நிமிடம் பின்னால் இருக்கும். இங்கே இரவு 7.30 என்றால் அங்கே காலை 7. அதாவது அம்மா ஊசி போடும் இரண்டு வேளைகளும் அப்படியே இடம் மாறிக்கொள்கின்றன. இது நல்ல வசதி.

சான்பிரான்சிஸ்கோவில் இறங்கும் வரை வாட்சை மாற்ற வேண்டாம். நம்மூர் நேரப்படி காலை 7.30-ஐ ஒட்டி 20 யூனிட், இரவு 7.30-ஐ ஒட்டி 12 யூனிட். ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை. இறங்கிய அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு மறுபடி 12, மறுநாள் காலையிலிருந்து வழக்கப்படி 20. அன்று ஒருநாள் சர்க்கரை சற்றுக் கூடலாம். தூக்கத்தில் தாழ்ந்துபோவதைவிட அது எவ்வளவோ மேல். அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் இந்தக் கணக்கைக் காட்டிவிட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

வீட்டில் அரை மணி முன்பே ஊசி போடும் பழக்கம் இருக்கும். விமானத்தில் அது கூடாது. சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகுதான் ஊசி. விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். குளுக்கோஸ் பொடி, பிஸ்கட், சர்க்கரை பார்க்கும் மிஷின் மூன்றும் இருக்கைக்கு அடியில் உள்ள பையில் இருக்கட்டும், மேலே உள்ள பெட்டியில் அல்ல.

இன்சுலின் எதையும் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள். சரக்குப் பகுதியில் உறைந்துபோக வாய்ப்புண்டு. ஒருமுறை உறைந்த இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஐஸ் நேரடியாகப் படாத சின்ன கூல் பை போதும். மருந்துச் சீட்டில் மருந்தின் பொதுப்பெயர் (ஜெனரிக் பெயர்) இருக்க வேண்டும், நம்மூர் பிராண்ட் பெயர் அங்கே தெரியாமல் போகலாம்.

அப்புறம் கால். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம், அது நுரையீரலுக்கும் போகலாம். துபாயிலிருந்து மட்டும் ஏறத்தாழ 16 மணி நேரம். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நடைபாதை ஓர இருக்கை வாங்கிக் கொடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். வெறுங்காலோடு பாத்ரூம் போக வேண்டாம். இறுக்கமான காலுறையை டாக்டர் காலில் ரத்த ஓட்டம் பார்த்த பிறகே வாங்குங்கள். தூக்க மாத்திரை வேண்டாம்.

இரண்டு காலும் சமமாக வீங்கி ஓரிரு நாளில் வடிந்தால் பயமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே அமெரிக்க அவசர எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும். போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்துக்கூட இப்படி வரலாம் என்று அக்காவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.