செய்தியில் வரும் 'அதிசயப் பொருட்கள்' நிஜ வாழ்க்கையில் எங்காவது பயன்படுகின்றனவா?

கேள்வி கேட்டவர் கிராஃபீன் (ஒரே அணுத் தடிமனுள்ள கார்பன் தாள்), ஏரோஜெல் (பெரும்பகுதி காற்றேயான, மிக லேசான திடப்பொருள்) இரண்டையும் குறிப்பிட்டு, "எல்லாம் செய்தியோடு சரியா, இல்லை நம் கைக்கு ஏதாவது வந்து சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். கைக்கு வருவது இருக்கட்டும், வாய்க்குள்ளேயே வந்துவிட்ட ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் உலோகவியல் பாடம் எடுப்பவன். இரண்டு வருடம் முன்பு என் மகளுக்குப் பல்லில் கிளிப் போட்டோம். போட்ட மூன்றாம் நாள் அவள் சொன்னாள்: "அப்பா, சூடா காபி குடிச்சா கம்பி இழுக்குது. ஐஸ் தண்ணி குடிச்சா விட்டுடுது." வலியில் ஏதோ சொல்கிறாள் என்று அவள் அம்மா நினைத்தாள். எனக்கு உடனே பொறி தட்டியது. அடுத்த முறை கம்பி மாற்றியபோது, கழற்றிய பழைய கம்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பல் டாக்டர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அதைக் கழுவி பிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தேன். எடுத்தவுடன் பென்சிலில் சுற்றினால் சுருள் அப்படியே நின்றது. வெந்நீர் டம்ளரில் போட்டதும், ஒரு துள்ளு துள்ளி, பழையபடி பல்வரிசை வடிவத்துக்கு வந்துவிட்டது. மகள் அதைப் பதினைந்து தடவையாவது செய்து பார்த்திருப்பாள். (பிரிட்ஜில் வைக்காமல் செய்ய முடியாதா என்றால், அது சேலத்து மே மாதம். கம்பி மேஜையில் கிடக்கும்போதே 'சூடாகி' முறைத்துக்கொண்டு இருந்தது.)

இதன் பெயர் நிடினால். நிக்கலும் டைட்டானியமும் அணுக் கணக்கில் ஏறக்குறைய சரிபாதி கலந்தது. மகளின் கம்பியைப் போன்ற வெப்பக் கம்பிகள் சிலவற்றில் கொஞ்சம் செம்பும் சேர்ப்பார்கள்.

புதிய பொருள் என்று கேட்டால் கிழவனைக் காட்டுகிறாயே என்று சொல்லலாம். நியாயம்தான். 1959-ல் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் என்பவர் கையில் சிக்கியது இது. அவர் தேடியது பழைய வடிவத்தை நினைவு வைத்திருக்கும் உலோகத்தை அல்ல. ஏவுகணை திரும்ப வளிமண்டலத்துக்குள் நுழையும்போது மூக்குப் பகுதி படும் சூட்டையும் அடியையும் தாங்க ஒரு கலவை வேண்டியிருந்தது. உருக்கி வார்த்த கம்பிகள் ஆறிக்கொண்டிருந்தபோது, ஆறிய ஒன்றைச் சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்த்தார். 'தொப்' என்று விழுந்தது. உள்ளே விரிசல் விட்டுவிட்டதோ என்று பயந்து மற்றவற்றையும் போட்டார். இன்னும் சூடாக இருந்தவை மணிபோல் 'டங்' என்றன. சூடான ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி, குடிதண்ணீர்க் குழாயில் காட்டிக் குளிரவைத்துப் போட்டால், அதுவும் 'தொப்'. ஒரே உலோகம், சூட்டில் ஒரு குரல், குளிரில் ஒரு குரல். உள்ளே அணுக்கள் இடம் மாறுகின்றன என்று அவருக்கு அங்கேயே புரிந்திருக்கிறது.

நினைவாற்றல் வெளிப்பட்டது அதற்கும் பிறகு. இந்தக் கலவை எத்தனை முறை மடக்கினாலும் ஒடியாது என்று காட்டுவதற்காக, ஒரு மெல்லிய தகட்டை விசிறி மடிப்பாக மடித்து மேலதிகாரிகள் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். கை மாறிக் கை மாறிப் போன தகடு டேவிட் மஸ்ஸி என்ற அதிகாரியிடம் வந்தது. அவர் புகைக்குழாய் பிடிப்பவர். சும்மா இராமல் லைட்டரைப் பற்றவைத்து அதில் காட்டினார். எல்லோர் கண்ணெதிரிலும் தகடு விரிந்து நேரானது. நிக்கல், டைட்டானியம் இரண்டின் பெயரும், அந்த ஆய்வகத்தின் ஆங்கில முதலெழுத்துகளும் சேர்ந்ததுதான் 'நிடினால்' என்ற பெயர்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை வகுப்பில் நான் காலித் தீப்பெட்டியின் வெளிக்கூட்டை வைத்துச் சொல்வேன். சூட்டில் இந்த உலோகத்தின் அணுக்கூடு நேரான பெட்டி. குளிர்ந்ததும் பெட்டி சாய்ந்துகொள்கிறது. இடப்பக்கமும் சாயலாம், வலப்பக்கமும் சாயலாம். கோடிக்கணக்கான பெட்டிகளில் கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் சாய்வதால் வெளியிலிருந்து பார்த்தால் வடிவம் மாறியதே தெரியாது. இப்போது கம்பியை வளைத்தால், சாதாரண இரும்பில்போல் அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி அண்டை வீட்டாரை மாற்றிக்கொள்வதில்லை. இடப்பக்கம் சாய்ந்திருந்த பெட்டிகளில் சில வலப்பக்கம் புரண்டு சாய்கின்றன, அவ்வளவுதான். திரும்பச் சூடாக்கினால் எல்லாப் பெட்டியும் நிமிர்கிறது. சாய்வதற்குப் பல வழி, நிமிர்வதற்கு ஒரே வழி. அதனால்தான் பழைய வடிவமே வருகிறது. அந்தப் 'பழைய வடிவம்' எது என்பதை, அச்சில் இறுக்கிப் பிடித்து 500 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி, தொழிற்சாலையிலேயே பதியவைத்துவிடுகிறார்கள்.

சாதாரண எஃகுக் கம்பியை 100-க்கு அரைப் பங்கு நீளத்துக்கு மேல் இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. இது 100-க்கு 8 பங்கு வரை இழுத்தாலும் திரும்பும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஆர்வக்கோளாறில் நான் அந்தக் கம்பியைக் குறடால் ஒரே இடத்தில் கூர்மையாக மடித்தேன். அதற்கப்புறம் எத்தனை வெந்நீர் ஊற்றியும் அந்த முட்டி மட்டும் நிமிரவில்லை. மகள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

சரி, பயனுக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. இந்த உலோகத்துக்குக் குணம் கிடைத்த அன்றே வேலை கிடைத்துவிடவில்லை. 1973-ல், எண்ணெய் விலை உலகையே ஆட்டிய அதே வருடத்தில், கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் ரிட்ஜ்வே பேங்க்ஸ் என்பவர் நிடினால் கம்பி வளையங்களை ஒரு சக்கரத்தில் மாட்டி, பாதி வெந்நீரிலும் பாதி குளிர்நீரிலும் படும்படி வைத்தார். சக்கரம் எரிபொருள் எதுவும் எரியாமலே தானாகச் சுற்றியது. இனி வீணாகப் போகும் வெந்நீரிலிருந்தே மின்சாரம் என்று பலர் நம்பினார்கள். கணக்கு வேறு மாதிரி சொன்னது. 60 டிகிரி வெந்நீருக்கும் 20 டிகிரி பச்சைத் தண்ணீருக்கும் இடையில் ஓடும் எந்த எஞ்சினும், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கட்டினாலும், வெப்பத்தில் 100-க்கு 12 பங்கைத் தாண்டி வேலையாக மாற்ற முடியாது. நிஜத்தில் கிடைப்பது அதிலும் சொற்பம். அந்த எஞ்சின் இன்றைக்கும் அறிவியல் கண்காட்சி பொம்மைதான்.

பிழைத்தது வேறு இடங்களில். எஃப்-14 போர்விமானத்தில் ஹைட்ராலிக் குழாய்களை இணைக்க இதில் வளையம் செய்தார்கள். நம் ஊர்ப் பட்டறையில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டையைக் காய்ச்சி விரித்து, மரச்சக்கரத்தில் இறக்கி, தண்ணீர் ஊற்றி இறுக்குவார்கள். இங்கே அது தலைகீழ். குழாயைவிடச் சற்றே சின்னதாகச் செய்த வளையத்தைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து விரித்து, குழாயில் மாட்டிவிட்டால், அறைச் சூடு பட்டதும் அதுவே சுருங்கிக் கவ்விக்கொள்ளும். விமானத்துக்குள் நெருப்பு வைத்துக் குழாயை வெல்டிங் செய்யும் வேலையே இல்லை. செக்கச் சிவக்கக் காய்ச்சிய இரும்பு 100-க்கு 1 பங்குதான் விரியும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பிடி புரியும்.

1970-களின் தொடக்கத்தில் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் என்ற பல் மருத்துவர் இதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். எஃகுக் கம்பி என்றால் மாட்டிய அன்று கடுமையாக இழுக்கும், பல் கொஞ்சம் நகர்ந்ததும் தளர்ந்துவிடும். நிடினால் மென்மையாக, ஏறக்குறைய ஒரே அளவில், வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். 1988-ல் அந்தப் பல் கம்பியிலிருந்தே ரூட் கெனால் செய்யும் அரமும் செய்து பார்த்தார்கள். வளைந்த வேருக்குள் எஃகு அரம் நேராகத் தோண்டப் பார்க்கும், இது வளைவோடு போகும். பெரிய அறிகுறி காட்டாமல் உள்ளேயே முறிந்துவிடும் கெட்ட பழக்கமும் இதற்கு உண்டு.

அப்புறம் ஸ்டெண்ட், அதாவது அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய். இதயத்தில் வைப்பதும் இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் கோபால்ட்-குரோமியக் கலவையை பலூன் வைத்து விரிக்கிறார்கள். நிடினாலுக்குத் தொடையும் கழுத்தும்தான் இடம். என் பெரியப்பாவுக்குத் தொடை ரத்தக்குழாயில் வைத்தார்கள். உட்கார்ந்தால், மாடிப்படி ஏறினால், அந்தக் குழாய் மடங்கும், முறுக்கும், நசுங்கும். பலூனால் விரித்தது நசுங்கினால் நசுங்கியதுதான். இது ஒவ்வொரு முறையும் நிமிர்ந்துகொள்ளும். மெல்லிய உறைக்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய் உறையை உருவினால், உடம்புச் சூட்டிலேயே தானாக விரியும். "சம்மணம் போட்டா கம்பி வளைஞ்சிடாதாடா?" என்று பெரியப்பா கேட்டார். மகளின் பழைய கம்பியை எடுத்துக் காட்டினேன். குறடு போட்ட இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு.

நாசா இதே கம்பியில் வலை பின்னிக் காற்றில்லாத டயர் செய்து சோதித்திருக்கிறது. செவ்வாயில் கியூரியாசிட்டி வண்டியின் அலுமினியச் சக்கரங்கள் கூர்க்கல்லில் ஓட்டையானதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எங்கும் இல்லை? செய்வது கஷ்டம். உருகிய டைட்டானியம் ஆக்சிஜனை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் வெற்றிடத்திலோ ஆர்கான் போன்ற மந்த வாயுவிலோதான் உருக்க வேண்டும். நிக்கல் அளவு 100-க்கு 0.1 மாறினால் போதும், நிமிரும் வெப்பநிலை 10 டிகிரி அளவுக்குத் தள்ளிப்போகும். பல்லுக்குச் செய்த கம்பி பல்லுக்கு உதவாமல் போய்விடும். வெட்டுவதும் துளைப்பதும் கருவியைத் தின்னும் வேலை. சூடாகி நிமிர்வது சட்டென்று நடக்கும், ஆறுவதற்குத்தான் நேரமாகும். அதனால் வேகமாக இயங்கும் யந்திரத்துக்கு ஒத்துவராது.

கிராஃபீனை மான்செஸ்டரில் தனித்துப் பிரித்தது 2004-ல். நிடினால் பிறந்து பல்லுக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் ஆகியது, ஸ்டெண்டாக ஊருக்குள் புழங்க அதைவிடப் பல வருடம். அதனால் கிராஃபீனைச் 'செய்தியோடு சரி' என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏவுகணை மூக்குக்கு என்று தேடியது கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் வாய்க்கு வந்ததைப் போல, அதுவும் இப்போது சொல்லப்படும் வேலைக்கு வராமல் வேறு எதற்கோ வரலாம்.

'இந்தக் கம்பி எங்கே கிடைக்கும்' என்று கருத்தில் கேட்பீர்கள். கிளிப் போட்டிருக்கும் யாரிடமாவது, கம்பி மாற்றும்போது பழையதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எல்லாக் கம்பியும் வெப்பக் கம்பி அல்ல. பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் வளைத்தால் வளைந்தபடி நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் அதுதான். பென்சிலில் சுற்றலாம். குறடு மட்டும் வேண்டாம்.